தலைவரின் மழை ராசி

எம்.எல்.ஏ. ராஜவேலுக்கு மழை ராசி உண்டு என்று கண்டுபிடித்தவன் விஜயகுமார்தான். கிளியனூரில் ஏரி தூர்வாரும் விழாவில் தலைவர் மண்வெட்டியைத் தொட்டதும் தூறல் விழுந்தது. கூட்டத்தில் ஒருவனாக நின்றிருந்த விஜயகுமார் பாய்ந்து மைக்கைப் பிடித்து, "அண்ணன் கால் வச்சா மழை வரும்!" என்று முழங்கிவிட்டான். விவசாயிகள் கைதட்டினார்கள். அவர்களைவிட அதிகமாக நம்பியவர் ராஜவேல்.

அன்றிலிருந்து ஏறுமுகம்தான். காரின் முன்சீட், தலைவரின் செல்போன், தலைவருக்குப் பிடிக்கும் குடை எல்லாம் விஜயகுமார் கைக்கு வந்தன. அவனைத் தாண்டி ஒரு ஈ கூட தலைவரிடம் போக முடியாது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் 'குமார் சார்' என்று குழைந்தார்கள். வீட்டில் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. அவன் மனைவி அருள்மொழி மரக்காணத்துக்காரி. அப்பா சிங்காரத்தோடு குத்தகை உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிறவளுக்கு மழை என்றாலே எரிச்சல்.

"உங்க அண்ணன இந்தப் பக்கம் மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க" என்பாள்.

கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒன்றியச் செயலாளர் பதவியை அறிவிக்கும் கூட்டம் அது. மாமனார் கண்ணெதிரே அறிவிக்க வேண்டுமென்று ஆசை. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள் போட்டோவில் அழகாக விழும் என்று உப்பளத்து ஓரத்திலேயே மேடை போட்டான். மேடைக்குப் பின்னால் வீட்டு அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் ராஜவேல் மேகங்களுக்கு நடுவே சிரித்தார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ராஜவேல் எழுந்து, "நம்ம குமாருக்கு..." என்று ஆரம்பித்தார். கடல் பக்கமிருந்து குபீரென்று ஒரு காற்று கிளம்பியது. பின்னாலேயே சடசடவென்று பிடித்துக்கொண்டது கோடை மழை.

கூட்டம் மேடையை மறந்து உப்பை நோக்கி ஓடியது. தார்ப்பாய் வைத்திருந்தவர்கள் மூடினார்கள். அருள்மொழியிடம் தார்ப்பாய் இல்லை. முந்தானையை விரித்துக்கொண்டு தன் குவியல் மேல் குப்புற விழுந்து கிடந்தாள். இந்தப் பருவத்து உழைப்பு மொத்தமும் அந்தக் குவியல்தான்.

"டேய் குமாரு, குடை!" என்றார் ராஜவேல்.

விஜயகுமார் குடையை விரித்தான். மனைவியைப் பார்த்தான். குடையைத் தலைவர் கையிலேயே திணித்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடி, பேனர் கயிறுகளை அறுத்தான். சிங்காரம் ஒரு முனையைப் பிடிக்க, இருவருமாக இழுத்துப் போய், அருள்மொழி விலகிக்கொள்ள, குவியல்மேல் போர்த்தினார்கள். காற்றில் பறக்காமலிருக்க தலைவரின் மூக்கில் ஒரு கல், நெற்றியில் ஒரு கல். அதுவும் போதாதென்று விஜயகுமாரே மீசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ராஜவேல் அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா மணிவண்ணா, நீ முன்னாடி ஏறு" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். "அவன் இனிமே நம்மாளு இல்ல."

கார் ஈசிஆர் ரோட்டைத் தொட்டதும், சொல்லிவைத்தாற்போல் மழை நின்றது. சிங்காரம் சிரிக்க, உப்பளமே சிரித்தது. பதவி போன வருத்தம் விஜயகுமாருக்கு இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அருள்மொழி பேனரின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். மேலாகத்தான் நனைந்திருந்தது; உள்ளே உப்பு பொலபொலவென்று இருந்தது. சேலை சொட்டச் சொட்ட வந்து, புருஷன் பக்கத்தில் தலைவரின் கன்னத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தாங்க உங்க அண்ணன் நமக்கு ஒத்தாசையா இருந்திருக்காரு" என்றாள்.