பூட்டிய வால்வு

கட்டடம் முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் மெஷினுக்குள் முழங்காலிட்டு, நீராவி ஓடும் புதிய ஸ்டீம் காயிலுக்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தார் ஃபிட்டர். கையிலிருந்த குழாய் திடீரென்று சுட்டது. இணைப்பில் ஸ்டீம் சீறியது. விழுந்தடித்து வெளியே பாய்ந்தார். கொஞ்சம் அசந்திருந்தால் முகம் வெந்திருக்கும்.

ஸ்டீம் எப்படி வரும்? அது வரும் வால்வை மூடி, தன் கையாலேயே பூட்டுப் போட்டுவிட்டுத்தானே உள்ளே போனார்! சாவிகூடச் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

"எந்தப் புண்ணியவான்டா என் பூட்டை உடைச்சது?" என்று கத்திக்கொண்டே வால்வுக்கு ஓடினார்.

பூட்டு உடையவில்லை. திறந்து தொங்கியது. பதறிப்போய் வால்வை மூடிக்கொண்டிருந்தவன் பாய்லர்காரன், அவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி.

"குளிருதுன்னு மேல சத்தம் போட்டாங்க மாமா. நீங்க வேலைய முடிச்சுட்டு, பூட்டைக் கழட்ட மறந்து போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"சாவி எங்கிட்டதானடா இருக்கு!"

மச்சான் கையை விரித்தான். அதே பூட்டின் இன்னொரு சாவி.

"அக்கா குடுத்துச்சு. நீங்க எங்கயாவது தொலைச்சுட்டு அல்லாடுவீங்களாம்."

மச்சான் அழுதுவிடுவான்போல இருந்தது.

"'மாமாவைப் பாத்துக்கடா'ன்னு சொல்லித்தான் குடுத்துச்சு."