தொப்புள்கொடி மரம்

துரையின் வெள்ளைச் சட்டையைப் பலகையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே டெல்சினாவுக்குக் கண் செருகியது. கோடையில் பெலீஸ் ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. தண்ணீருக்குள் அவள் வீட்டு மகாகனி மரம் தலைகீழாக நின்றது. அதன் வேர் வானத்துக்குள் போய், அங்கிருந்து ஒரு கொடி மெல்ல இறங்கி வந்து தன் வயிற்றைத் தொடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சவுக்காரம் கைநழுவித் தண்ணீரில் விழுந்த பிறகுதான் விழித்தாள்.

அடிமைத்தனம் ஒழிந்த மறுவருஷம் பிறந்தவள் அவள். பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் மரம் நடுவது ஆற்றங்கரை வழக்கம். எல்லாரும் மாங்கொட்டையோ தென்னம்பிள்ளையோ வைத்தார்கள். அவள் அம்மா ஃபிபா மட்டும் காட்டிலிருந்து ஒரு மகாகனிக் கன்றைப் பிடுங்கிவந்து நட்டாள். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டவர்களுக்கு ஃபிபா சொன்ன பதிலை டெல்சினா சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

"எங்கப்பன், அவனப் பெத்தவன், எல்லாரும் அடிமையா இந்த மரத்த வெட்டியே செத்தாங்க. ஒண்ணாவது வெட்டுப்படாம நம்ம வீட்டுல நிக்கட்டுமே."

அந்த மரத்தடியில்தான் சமையல், துணி உலர்த்துவது, பகல் தூக்கம் எல்லாம். மரத்துக்கும் வீட்டுக் கம்பத்துக்கும் நடுவே கொடிக்கயிறு.

போன மாதம், மகாகனி வெட்டிக் கப்பலேற்றும் கம்பெனியின் துரை நிலம் அளக்க வந்தார். கரை முழுவதையும் கம்பெனி அரசாங்கத்திடம் வாங்கிவிட்டதாம். ஆனாலும் தங்கள் வீட்டார் கையால் நட்ட மரத்தைக் காட்டுகிறவர்களுக்கு வீட்டு மனை மட்டும் சொந்தமாக விட்டுக்கொடுப்பார்களாம். பக்கத்து மனைக்காரன் தியோ தன் மாமரத்தைக் காட்டினான், குறித்துக்கொண்டார். டெல்சினாவின் மரவள்ளியைப் பார்த்து, வருஷா வருஷம் பிடுங்குவதெல்லாம் கணக்கில் வராது என்றார். அவள் சிரித்துக்கொண்டே அவரை மகாகனியிடம் கூட்டிப்போனாள். பட்டையைத் தட்டிக் காட்டி, தனக்கும் அதற்கும் ஒரே வயசு என்றாள்.

துரை மரத்தை அண்ணாந்து பார்த்தார். கையை விரித்துச் சுற்றளவு பார்த்தார்.

"மகாகனிய யாராவது நடுவாங்களா? இது காட்டு மரம்."

"எங்கம்மா நட்டது, ஐயா. ஊர்ல யார வேணா கேளுங்க."

"காட்டு மரம் நிக்கிற எடம் காடு. காடு கம்பெனியோடது."

அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. போகிறபோது, தன் துணிகளைத் துவைத்துத் தருகிறவரை அவள் குடிசையில் இருந்துகொள்ளலாம் என்றுகூடச் சொன்னார்.

இன்று கம்பெனிக் கூலிக்கு அந்த மரத்தை வெட்ட வந்தது தியோதான். அடிவேர் விரிந்து கிடக்கிற மரத்தைத் தரையில் நின்று வெட்ட முடியாது. கம்பு கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே பரண் போட்டான். டெல்சினா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"மாங்கா திங்கறவனுக்கு மனை. எனக்கு அழுக்குத் துணி. நல்லா இருக்குடா தியோ."

"ஒங்கம்மா ஒரு மாங்கொட்டையப் போட்டிருக்கக் கூடாதா, அத்த?"

"இப்ப போய்க் கேட்டுட்டு வா அவள."

அவன் கோடரியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். ஏற்கனவே தீட்டின கோடரி.

"வரமாட்டேன்னு சொல்லத் தெரியாதாடா ஒனக்கு?"

"நான் வரலேன்னா வேறெவனாவது வருவான், அத்த. அவன் ஒன் வீட்டு மேலயே சாய்ப்பான். நான் ஆத்துப் பக்கமா சாய்க்கிறேன். ஒன் மரவள்ளி எல கூட கசங்காது."

அவள் வீட்டுக்குள் போய், மரவள்ளி ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து பரண்மேல் எட்டி வைத்தாள். பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சொன்னபடியே ஆற்றுப் பக்கம் சாய்த்தான். கிளைகளைக் கழித்த பிறகு, வெட்டிய முனையில் கம்பெனி முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடித்தான். மழை வந்து ஆறு பெருகியதும் மரம் தானாகக் கடலுக்குப் போய்விடும். அது கரையில் கிடந்த நாட்களில் அவள் அதன் மேலேயே துணி மடித்தாள். மழை பிடித்தபின் ஒருநாள் காலை எழுந்து பார்த்தபோது மரம் இல்லை.

மழை விட்டதும் துரையின் துணி மூட்டை வந்தது. அவளைவிட இரண்டு மடங்கு உயரமாக அடிமரம் மட்டும் நின்றது. அதில் மறுபடியும் கொடிக்கயிற்றைக் கட்டிச் சட்டைகளை விரித்துப்போட்டாள். முற்றம் முழுக்க வெயில். உட்கார நிழல் தேடி அவள் குடிசையைச் சுற்றி வருவதற்குள் சட்டைகள் காய்ந்துவிட்டன.