நாலு படி ஏறிய பாட்டு

சத்யா பொய் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நாலு மாதமாகத் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜெரால்டு கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றபோது அந்தச் சமாதானம் வேலைக்கு ஆகவில்லை.

"வாங்கண்ணே! உள்ள வாங்க!" கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்த அவள் புருஷன் ஆனந்தராஜ், பக்கத்தில் நின்றவரிடம் அக்கரைக்குக் கேட்கும்படி கத்தினான். சத்யாவுக்கு உடம்பு கூசியது. ஊரே அவரிடம் இப்படித்தான் பேசுகிறது. அவரும் வலது காதைத் திருப்பிக் காட்டிச் சிரிக்கப் பழகிவிட்டார்.

ஜெரால்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் மிஷினில் இருபத்து மூன்று வருடமாக நிற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டுமாவடிப் பக்கம் இருக்கிற அவர்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் கீபோர்டு வாசிப்பார். வாசிப்பார் என்பது பழைய கதை. இப்போது வாசிக்கிறவள் சத்யா.

சத்யா பிறந்தது வல்லத்திராக்கோட்டையில், விவசாயக் குடும்பத்தில். காளி கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி தூக்கியவள். ஆனந்தராஜைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, கோயிலுக்கும் போகத் தொடங்கி ஏழு வருடம் அவளுக்குப் பெயரே கிடையாது. 'டைலர் பொண்டாட்டி' என்பார்கள். பாடகர் குழுவில் சேர்ந்தபோதும் கடைசி வரிசை. போனில் வீடியோ பார்த்துக் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஜெரால்டு மட்டும்தான்.

"கோயில்ல வச்சா வாரம் பூராத் துணி போத்திக் கெடக்கும். வீட்டுக்குக் கொண்டு போ தங்கச்சி. சனிக்கிழமை கொண்டாந்து வச்சுடு" என்று கோயில் கீபோர்டையே அவளிடம் கொடுத்தார்.

அதை வைக்க வீட்டில் இடம் இல்லை. இருந்தது இரண்டே அறை. ஒன்றில் கட்டிலும் பீரோவும், இன்னொன்றில் டிவியும் ஆனந்தராஜின் தையல் மிஷினும். ஆனந்தராஜ் ஒரு நாள் பூரா யோசித்தான். மறுநாள் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைக் கொட்டகையில் போட்டான். "ரெண்டும் ஒரே ரூம்ல ஓடுனா ஒனக்கு என் சத்தம், எனக்கு ஒன் சத்தம்" என்றான். தகரத்துக்குக் கீழே வேர்த்து ஒழுகி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கறை விழுந்து, இரண்டு பேர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவன் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சத்யா கற்றது ஒரே ஒரு ஸ்கேல். வெள்ளைக் கட்டைகளிலேயே எல்லாப் பாட்டையும் வாசிப்பாள். பாடுகிற குரலுக்குத் தகுந்தபடி உயரத்தை மாற்ற அந்தக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை நாலு முறை அழுத்தினால் சின்னத் திரையில் 4 என்று வரும், விரல் அதே கட்டையில் இருக்க, சத்தம் நாலு படி மேலே போய்விடும். அவள் குரலுக்கு அந்த நாலு தேவைப்பட்டது. ஜெரால்டுக்கு அந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாது. அவர் எந்தப் பாட்டை எந்த உயரத்தில் எடுக்கவேண்டுமோ அந்தக் கட்டையிலேயே கையை வைப்பார்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எப்போதும் எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டு அணைக்கிற சத்யா, அன்று அப்படியே ஒயரைப் பிடுங்கி, உறையில் போட்டு, தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கீபோர்டு அணைத்தாலும் பழைய கணக்கை மறக்காத ரகம்.

மறுநாள் ஊர் முழுக்கக் குருத்தோலையோடு கோயிலுக்குள் நுழைய, ஜெரால்டு வருகைப் பாடலை எடுத்தார். முதல் அடியிலேயே பெண்கள் குரல் கிறீச்சிட்டது. இரண்டாவது அடியில் உடைந்தது. சிறுசுகள் சிரித்தன. பீடத்திலிருந்து பங்குச் சாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஜெரால்டு அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அதே உயரம். பதறிப்போய் வேறு கட்டைக்குத் தாவினார், இப்போது ஆண்களுக்கு எட்டாத பாதாளம். கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மீதிப் பூசை கைத்தட்டலிலும் கஞ்சிராவிலும் ஓடியது.

திங்கட்கிழமை கீபோர்டு மறுபடி வீட்டுக்கு வந்தது. சத்யா சுவிட்சைப் போட்டாள். திரையில் 4.

உடனே ஓடத்தான் செய்தாள். ஜெரால்டு வீட்டில் இல்லை, தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து அறந்தாங்கிக்குக் காது டாக்டரிடம் போயிருந்தார். சாயங்காலம் கையில் ஒரு தாளோடு வந்தார். இடது காது கொஞ்சம் கம்மி, மிஷின் சத்தத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். ஊர் அதில் 'கம்மி'யை மட்டும் எடுத்துக்கொண்டது. "ஐஸோட சேத்துக் காதையும் ஒடச்சுட்டாரு" என்று பாடகர் குழுத் தலைவர் மரியசெல்வம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஜெரால்டும் சிரித்தார். ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிற்றுக்கு யார் வாசிப்பது என்று சாமியார் கேட்டபோது ஜெரால்டே சத்யாவைக் கை காட்டினார்.

ஒரு பூசை மட்டும் வாசித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று சத்யா நினைத்தாள். அந்தப் பூசை முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு அவ்வளவாக நினைக்கவில்லை.

இப்போது ஜெரால்டு தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்து நீட்டினார். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். கல்யாண அறிவிப்பு மூன்று ஓலையும் கோயிலில் வாசித்தாகிவிட்டது. அவர் கீபோர்டு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவ பொறந்தப்பவே நெனச்சது, அவ கல்யாணப் பூசைக்கு நாந்தான் வாசிக்கணும்னு. அது நடக்காது. நீ வாசிச்சுடு தங்கச்சி" என்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து அவளிடம் தந்தார். முப்பது வருடப் பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உயரம் குறித்திருந்தது. வீட்டிலிருந்த தன் ஆர்மோனியப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டதாகவும், அந்த இடத்தில் இப்போது பெண்ணுக்கு வாங்கிய பீரோ நிற்பதாகவும் சொன்னார்.

"மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசம் போட்டெல்லாம் கடலுக்குப் போகல, ஐஸ் மிஷின் ஓடல. அப்பயாச்சும் காது தேறும்னு பாத்தேன். எங்க!"

ஆனந்தராஜ் வருத்தப்பட்டுத் தலையாட்டினான். டீ வாங்கி வருகிறேன் என்று அவர் காதருகே குனிந்து கத்திவிட்டுத் தூக்குவாளியோடு கிளம்பினான்.

சத்யா நோட்டைப் பிரித்தாள். குருத்து ஞாயிற்றுப் பாட்டுக்கு எதிரே அவர் எழுதியிருந்த உயரத்தை அடித்து, ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதன்மேல் வேறொன்று எழுதி அதையும் அடித்திருந்தார். பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

அவள் நோட்டை மூடினாள்.

"அண்ணே, இங்கிட்டு வந்து ஒக்காருங்க. அந்தப் பாட்டை ஒரு தடவ வாசிங்க."

"எந்தப் பாட்டு?"

"குருத்து ஞாயிறு எடுத்தீங்கள்ல, அது."

அவர் முகம் மாறியது. அதை விடு என்றார். அவள் விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவிட்சைப் போட்டு, திரையில் 0 வைத்தாள். ஜெரால்டு வேண்டா வெறுப்பாக வந்து உட்கார்ந்து கையை வைத்தார். முதல் அடி வந்தது. கூடவே தாழ்ந்த குரலில் பாடினார். குரலும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டு போயின. அவர் சந்தேகமாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

சத்யா குனிந்து பொத்தானை நாலு முறை அழுத்தினாள்.

"இப்ப அதையே வாசிங்கண்ணே."

ஒரு அடிகூட முடியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக.

அவள் சொன்னாள். பொத்தான் என்ன செய்யும் என்பது, ஆட்டோ ஹாரன், பிடுங்கிய ஒயர், திங்கட்கிழமை பார்த்த 4, எல்லாம். அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அழாமல் சொன்னாள். டீயோடு வந்த ஆனந்தராஜ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

ஜெரால்டு திரையைக் கண் இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மறுநாளே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"நாலு மாசமா எம் பொண்டாட்டி எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசுறா. நானும் மாடு மாதிரி காதை ஆட்டிக்கிட்டு நிக்கிறேன். நேத்து மாப்ள வீட்டுல வந்து, மாமாவுக்குக் காது சுத்தமாக் கேக்காதான்னு விசாரிச்சுட்டுப் போறாக."

சத்யா தரையைப் பார்த்தாள். மன்னிச்சுடுங்க என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? சிரிச்சவுகள்லாம் அங்கிட்டு இருக்காக. சனிக்கிழமை பாட்டுப் பழக வருவாகல்ல, அங்க சொல்லு." நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். டீயைத் தொடவில்லை. பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

ஆனந்தராஜ் ஆறிய டீயை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

தகரக் கொட்டகையை அவன் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை பதினாறு பேருக்கு முன்னால் நின்று சொன்னாள். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். யாரும் திட்டவில்லை. மரியசெல்வம்தான், "இதச் சொல்ல ஒனக்கு நாலு மாசமா?" என்று கேட்டார். பிறகு, தான் சொன்ன ஐஸ் தமாஷ் நினைவுக்கு வந்தோ என்னவோ, அவரும் தலையைக் குனிந்துகொண்டார். ஜெரால்டு கீபோர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சத்யா கடைசி வரிசைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கீபோர்டு கோயிலிலேயே இருந்தது. வீட்டில் அது இருந்த இடம் வெறுமனே கிடந்தது. மிஷினை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். ஆனந்தராஜ் 'பாப்போம்' என்றான். கொட்டகையிலேயே தைத்தான்.

கல்யாணத்தன்று கோயில் நிரம்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வலப்பக்கம் முன் வரிசைகளில் இருந்தார்கள். வாசலில் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவோடு நடந்து வரவேண்டியவள், அப்பா வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். சாமியார் தலையசைத்தார். ஜெரால்டு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

பிறகு கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"சத்யா, இங்க வா."

நாலு மாதமாக மற்றவர்கள் கத்தலையே கேட்டு, அவரும் சத்தமாகப் பேசப் பழகியிருந்தார். முன் வரிசை வரை கேட்டது. பாடகர் குழு வழி விட்டது. எல்லார் கண்ணும் முதுகில் குத்த, அவள் நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"பாரு. சைபர்லதான இருக்கு?"

நேற்று சாயங்காலமே அவர் மூன்று முறை பார்த்தது அவளுக்குத் தெரியும். எண் அவருக்கும் நன்றாகத் தெரிகிறது என்பதும் தெரியும். அவள் குனிந்து பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தாள்.

"சைபர்தாண்ணே."

 அவர் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. கையை வைத்தார். பாட்டு சரியான உயரத்தில் எழுந்தது, வாசலில் நின்ற பெண் நடக்க ஆரம்பித்தாள். சத்யா நின்ற இடத்திலேயே நின்றாள். முதல் அடி போகட்டும் என்று விட்டு, இரண்டாவது அடியில் சேர்ந்து பாடினாள்.