லூர்துவின் பாயிண்ட் நோட்டு

கரோலினுக்குக் கைரேகை கிடையாது. இருபது வருஷம் ஐஸிலும் உப்பிலும் செதிலிலும் கிடந்து பத்து விரலும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. ரேஷன் கடை மெஷின் அவளை ஒரு ஆளாகவே ஒத்துக்கொள்வதில்லை. போன் வாங்கிய அன்று கடைக்காரர் அவள் கட்டைவிரலை நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது, கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒன்பது புள்ளிகளைக் காட்டினார். புள்ளிகளை இணைத்து ஒரு கோடு இழுத்தாள். அதுதான் பூட்டு.

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவளின் விரலில் எப்போதும் பிசுக்கு இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் வஞ்சிரத்துக் கொழுப்பு நகத்தடியை விட்டுப் போகாது. அவள் இழுத்த கோடு கண்ணாடிமேல் அப்படியே படிந்து நிற்கும். புருஷன் லூர்து விசைப்படகு டிரைவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் சேறா பாறையா என்று சொல்கிறவன். அவனுக்கு இந்தக் கோடு எம்மாத்திரம்? பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, அவள் போனைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். பிசுக்குத் தடத்தின்மேல் விரலை ஓட்டுவான். திறந்துகொள்ளும்.

அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தாள். வாடிக்கைக்காரர் யாராவது ரெண்டு கிலோ வஞ்சிரம், நடுத்துண்டு என்று போட்டிருப்பார். கூடவே ஊருக்கெல்லாம் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப்பூ. யார் இவன், எதற்குப் பூ அனுப்புகிறான் என்று லூர்து கேட்பான். சொல்லுவாள். நம்பினானோ இல்லையோ, சோறு தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். இருட்டோடு எழுந்து துறைமுகத்துக்கு ஓடுகிறவளிடம் சண்டைக்கென்று தனியாகத் தெம்பு எங்கே இருக்கிறது? என் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று கதவைத் திறந்துபோட்டு வைப்பார்களே, அப்படித்தான் வைத்திருந்தாள். அந்த வீட்டில் இன்னொருத்தி தன் பொருளை வைத்திருந்தது அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த இன்னொருத்தி சீனியம்மாள். வெட்டுக் கொட்டகையில் கரோலினுக்குப் பக்கத்து அருவாமனை. அவள் மகள் இலக்கியா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று நின்றாள். அப்பன் செங்குட்டுவனோ தன் அக்கா மகனுக்கு அவளைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தான். செங்குட்டுவன் லூர்துவின் படகில் வலை இழுக்கிறவன். பொண்டாட்டி போனை அவனும் நோண்டுவான். அதனால் விண்ணப்பத்தில் கரோலின் நம்பரைத்தான் கொடுத்தார்கள். என்னென்ன படிப்புக்குப் போட்டிருக்கிறாள் என்பதை ஒருநாள் சீனியம்மாள் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பிவிட்டு, தன் போனில் மட்டும் அழித்துவிட்டாள். கரோலின் போனில் அது இருந்தது. லூர்து அதைப் போட்டுக் கேட்டான். அடுத்த தடவை கடலுக்குப் போனபோது, வலை போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், பேச்சுவாக்கில் செங்குட்டுவனிடம் சொல்லிவிட்டான்.

படகு கரைக்கு வந்த மறுநாள் சீனியம்மாள் உதடு கிழிந்து வந்தாள். அருவாமனையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் கடைசி மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். கரோலின் மூன்று தரம் போய்க் கேட்டபிறகுதான் வாய் திறந்தாள்.

"உன்னாண்ட சொன்னேன். உன் புருசன் என் புருசனாண்ட சொல்லிகீறான். அதுக்கு நானே நேரா அவனாண்ட சொல்லியிருப்பேனே, ஒரு அடி கம்மியா வுழுந்திருக்கும்."

கரோலின் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். அந்த உதட்டைக் கிழித்தது செங்குட்டுவன் கைதான். ஆனால் கதவைத் திறந்துவிட்டது யார்?

அன்றைக்கே கோட்டை மாற்றினாள். ஒவ்வொரு தடவை திறந்து மூடிய பிறகும் கண்ணாடியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சீனியம்மாளிடம் போய்ப் போனை வெயிலில் சாய்த்துக் காட்டினாள். ஒரு தடமும் இல்லை. சீனியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். நம்பரை இனி மாற்ற முடியாது, சீட்டுக் கிடைத்தால் இதற்குத்தான் சேதி வரும், இனி அது உன் பொறுப்பு என்று மட்டும் சொன்னாள். அருவாமனை மூலையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் லூர்து மறுபடி போனைச் சன்னலில் சாய்த்தபோது கண்ணாடி பளிங்குபோல இருந்தது. பழைய கோட்டைப் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை.

"இன்னாமே இது?"

"பூட்டு."

"தப்பு பண்ணாதவ இன்னாத்துக்குப் பூட்டணும்?"

அவள் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திறந்து காட்டவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவன் கடலுக்குப் போனான்.

அவன் போன நாலாம் நாள் சேதி வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சீட்டும் உண்டு, விடுதியும் உண்டு. வியாழக்கிழமை வந்து சேர வேண்டும். படகு வெள்ளிக்கிழமைதான் வரும் என்று கணக்கு. இலக்கியாவுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. போய்க் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டால் அப்பன் வந்து கத்தலாம், கையைப் பிடித்து இழுத்துவர முடியாது. வழியில் பிடித்தால்தான் ஆபத்து.

வியாழக்கிழமை காலை இலக்கியா கிளம்பிவிட்டாள். பஸ் ஏறியதும் யாரிடமாவது போன் வாங்கிச் சேதி போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். கரோலின் போனை ஐஸ்பெட்டி மூடிமேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு சங்கரா மீனின் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அப்போது யாரோ சொன்னார்கள், லூர்து படகு கரை அணைந்துவிட்டது, மீன் நிறைய விழுந்துவிட்டதால் ஒருநாள் முன்னாலேயே திரும்பிவிட்டார்கள் என்று. கடைசி மூலையில் சீனியம்மாளின் கை அப்படியே நின்றது.

லூர்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே கொட்டகைக்கு வந்தான். பின்னால் படகு ஆட்கள் ஐந்தாறு பேர், அதில் செங்குட்டுவன். கடலில் இருந்த நாளெல்லாம் பூட்டிய போனைப் பற்றி அவன் லூர்து காதில் ஓதியிருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. லூர்து ஐஸ்பெட்டிமேல் இருந்த போனை எடுத்தான். வெயிலில் சாய்த்தான். பளிங்கு.

"தொறமே. எல்லார் எதுர்லயும் தொற."

அவன் கையிலேயே போன் ஒரு தரம் அதிர்ந்தது. திரையில் ஒரு புதிய செய்தி என்று மட்டும் தெரிந்தது. செங்குட்டுவன் கழுத்தை நீட்டினான். பஸ் இன்னும் ஊரைத் தாண்டியிருக்காது. பைக்கில் விரட்டினால் அரைமணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

கரோலின் எழுந்தாள். கையில் கத்தி இல்லை, வெறும் செதில். சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்தில் டீ கிளாஸோடு லூர்துவின் தம்பி ஹென்றி நின்றான். அவன் வேறொரு படகுக்கு டிரைவர்.

மீன் எங்கே விழும் என்பதுதான் டிரைவரின் சொத்து. கடலில் மீன் விழுந்த இடத்தின் எண்களை ஜி.பி.எஸ். பெட்டியில் ஏற்றிவைப்பார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பேர். கூடப் பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். ஹென்றியின் படகு பக்கத்தில் வந்தால் லூர்து துண்டை எடுத்துப் பெட்டிமேல் போட்டுவிடுவான். அத்தனை பாயிண்டையும் எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது.

"தொறக்கறேன்," என்றாள் கரோலின். "மொதல்ல நீ உன் பாயிண்ட் நோட்ட எடுத்தாந்து இதோ உன் தம்பியாண்ட விரிச்சிக் காட்டு. அப்பால தொறக்கறேன்."

லூர்து சிரிக்கப் பார்த்தான். அது தொழில், அதுவும் இதுவும் ஒன்றா என்றான்.

"இன்னாத்துக்குத் துண்டு போட்டு மூட்ற? தப்பு பண்ணாதவன் இன்னாத்துக்கு மூடணும்? நீ கேட்டதுதான்யா, நானும் கேக்கறேன்."

கூட்டத்தில் ஒருவன் கனைத்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. மீன் விலை சொல்கிற குரல்தான்.

"பதினெட்டு வருசமா அந்த நோட்டு என் வூட்லதான் கீது. தெனம் அந்த எடத்துலதான் நான் மெழுவத்தி ஏத்தறேன். ஒரு நாளு ஒரு ஏடு பொரட்டிகீறேனா? யோவ் ஹென்றி, நீ சொல்லு. உன் பொண்டாட்டி ரெண்டு தபா வந்து கேட்டாளே, ஒரே ஒரு பாயிண்ட் நம்பர் குடு அக்கான்னு. குடுத்தேனா?"

ஹென்றி டீ கிளாஸைப் பார்த்தான். தன் வண்டவாளம் அண்ணன் எதிரில் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் ஆள் நியாயஸ்தன்.

"குடுக்கலண்ணா," என்றான். "அண்ணி அவள வாசப்படியோட தொரத்தி வுட்டுச்சு."

முதலில் சிரித்தது ஏலம் கூறுகிற கிழவர். அப்புறம் கொட்டகைப் பெண்கள். அப்புறம் படகு ஆட்களே சிரித்தார்கள். லூர்துவின் காது சிவந்தது. அவன் சிரிப்பைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் தன் சொத்தை யார் காவல் காத்தது என்று இப்போதுதான் கணக்குப் போடுகிறவன்போல.

"இதுல கீறது என்னுது மட்டும் இல்லய்யா," என்றாள் கரோலின். "என்னாண்ட நம்பிக் குடுத்தது. போன தபா நீ படிச்சதுக்கு ஒருத்தி ஒதடு கிழிஞ்சது."

லூர்து கொட்டகையின் கடைசி மூலையைத் திரும்பிப் பார்த்தான். அந்தத் தழும்பு இன்னும் மறையவில்லை. அதை அவன் பார்ப்பது இதுவே முதல் தரம். போனை ஐஸ்பெட்டிமேல் கவிழ்த்து வைத்தான்.

"இன்னாண்ணா, வுட்டுட்ட?" என்றான் செங்குட்டுவன்.

"என் நோட்ட உனக்குக் காட்டுவனா? அத்த மாதிரிதான்டா இதுவும். போ, வலையக் கழுவு. பொம்பள மேல கைய வெச்சன்னு இன்னொரு தபா கேட்டேன், என் படகுல கால வெக்காத."

செங்குட்டுவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். கரோலின் கையைத் துடைத்துக்கொண்டு கடைசி மூலைக்குப் போனாள். ரெண்டு பேரும் தலையை ஒட்டிக் குனிந்துகொண்டு சேதியைத் திறந்தார்கள். ஏறியாச்சு ஆன்ட்டி, சன்னல் சீட்டு என்று இருந்தது. மத்தியானம் இன்னொரு சேதி, கையெழுத்துப் போட்டாச்சு. அன்று சாயங்காலம் சீனியம்மாளே தன் புருஷனிடம் நேராகச் சொன்னாள். தனியாகச் சொல்லவில்லை. கொட்டகைப் பெண்கள் பதினோரு பேரையும் வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னாள். அவன் கத்தினான். கை மட்டும் எழவில்லை.

மறுநாள் சீனியம்மாளின் அருவாமனை பழைய இடத்துக்கு வந்தது. அதன்பிறகு கொட்டகையில் யாருக்கு என்ன ரகசியம் இருந்தாலும் கரோலின் நம்பரைத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த தடவை லூர்து கரைக்கு வந்து வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. கரோலின் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சோற்றுக்கையோடு எழுந்து வந்தான். இடக்கையில் போன். அதன்மேல் அவன் படகுத் துண்டு போர்த்தியிருந்தது.

"யோவ், அது போனுய்யா. ஜி.பி.எஸ். பொட்டி இல்ல."

"ரெண்டும் ஒன்னுன்னு நீதானமே சொன்ன," என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டினான் லூர்து.