கோட்டின் உட்புறம்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று நடந்த அநியாயம் இதுதான்: நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த ஒரு மனிதர், தம் மகளின் நிச்சயதார்த்த மண்டபத்தில், வாடகைக் கோட்டுக்குள் இறந்துபோனார்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கையை விரித்துவிட்டு அறையைவிட்டு வெளியேறியதும், அவர்கள் திறந்துவிட்டிருந்த பொத்தான்களை மகள் ஒவ்வொன்றாக மீண்டும் பூட்டினாள். அழுகைக்கு முன்பாக அவளுக்கு அச்சம் வந்திருந்தது. கோட்டின் உள்பையருகே தைத்திருந்த வெள்ளைத் துணித்துண்டில் கடையின் பெயரும் நாற்பத்தேழு என்ற எண்ணும் இருந்தன. மாப்பிள்ளையின் தாயார் அதைப் பார்த்துவிட்டால்?

தங்கள் அந்தஸ்துக்குப் பெண்ணின் தகப்பனார் கோட்டு அணிந்துதான் புகைப்படத்தில் நிற்கவேண்டும் என்று ஆள்விட்டுச் சொன்னவர் அந்த அம்மாள். கோட்டின் வாடகை மட்டுமே அப்பாவுக்குக் கட்டுப்படியாயிற்று. உள்ளே பழைய சட்டைதான்.

காலையில் இதே அறையில், கண்ணாடி முன் நின்று அவர் சிரித்தார். "இத்தனை வருஷமா சுவத்துக்கு வெள்ளையடிச்சேன். இன்னிக்கு எனக்கே அடிச்சுட்டாங்க."

சிரிப்புப் பாதியில் நின்றது. மார்பைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்தார்.

"கோட்டைக் கழட்டுங்கப்பா. கொஞ்சம் காத்து படட்டும்."

"வேண்டாம்மா. சட்டை முதுகுல கிழிஞ்சிருக்கு. யாராச்சும் பாத்துருவாங்க."

அவள் பொத்தானில் வைத்த கையை எடுத்துவிட்டாள். இனி அவள் எவரிடமும் சொல்லப்போவதில்லை அதை.

கதவு திறந்தது. மாப்பிள்ளை முன்னால் வந்தான், தாயார் பின்னால். வந்திருக்கும் விருந்தினருக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மகள் கோட்டின் முன்பக்கத்தை இரு கைகளாலும் இறுக்கினாள்.

மாப்பிள்ளை பெரியவரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தன் கோட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"டேய், கழட்டாதடா." தாயாரின் குரலில் அதட்டல் இல்லை. காலையில் அப்பாவின் குரலில் இருந்ததே அதில் இருந்தது.

"இப்படியே விட முடியாதும்மா."

அவன் பெரியவர்மேல் போர்த்திய கோட்டின் விளிம்பு புரண்டு விழுந்தது. உட்புறத்தில் வெள்ளைத் துணித்துண்டு. அதே கடை. நாற்பத்தெட்டு.

மூவரும் பார்த்தார்கள். மகளின் பிடி மெல்லத் தளர்ந்தது. அவள் குனிந்து, அப்பாவின் பொத்தான்களைக் கழற்றினாள். மேலிருந்து கீழாக, நிதானமாக.

வாசகரே, நீங்களும் ஒருநாள் சம்பந்தம் பேசப் போவீர்கள். சம்பந்தி வீட்டாரின் அந்தஸ்தைக் கேட்குமுன், உங்கள் கோட்டின் உட்புறத்தை அவர்களுக்குத் திருப்பிக் காட்டுங்கள்.