கொடைக்கு மூன்று நாள்

லிங்கம் தன் போனை டைல்ஸ் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள் ஒரு ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவரோ தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவர் போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கலவையின் மேல் டைல்ஸ் கல்லைப் படுக்கவைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே யாராவது "லிங்கம், கேக்கியாடே?" என்றால் மட்டும் சுத்தியல் நிற்கும். "கேக்கேன், சொல்லுங்க" என்பார். மறுபடி தட்டுவார்.

கிருஷ்ணவேணி வாசலில் நின்றாள். மூன்றாவது வகுப்பறையின் தரை நாளைக்குள் முடியுமா என்று பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்திருந்தாள். அடுத்தவர் ஊர்ப் பஞ்சாயத்தை ஒட்டுக்கேட்பது மரியாதையில்லை என்று தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் அவளுடைய ப்ராஜெக்டின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

எல்லை தாண்டி, மலையாள நாட்டில் விழிஞ்ஞம் போகிற சாலையோரத்தில் இருந்த பழைய எல்.பி. ஸ்கூலை, நாலாம் வகுப்பு வரைக்குமான ஆரம்பப் பள்ளியை, இடித்துவிட்டு, நாலு வகுப்பறைகளோடு புதுக் கட்டிடம் கட்டுகிற வேலை. ஒரு வருஷமாகப் பிள்ளைகள் பக்கத்து சர்ச் ஹாலில் படுதா கட்டிப் படிக்கிறார்கள். ஒண்ணாம் வகுப்பு கத்தினால் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு தப்பிவிடுகிறது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சுசீலாபாய் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அது சிரிப்பில்லை. ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறப்பு. கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்து ஆறு வருஷம் மற்றவர்களுடைய திட்டங்களை அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்த கிருஷ்ணவேணிக்கு இதுதான் முதல் தனிப் பொறுப்பு. மேலாளர் ஜெயந்த் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதி பிள்ளைகள் உள்ளே நுழைந்தால் அடுத்த வேலையும் அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதுதான்.

அதனால் அவள் திட்டமிட்டாள். ஆசை தீரத் திட்டமிட்டாள். எது முடிந்தால் எது தொடங்கும், எது பிந்தினால் எல்லாமே பிந்தும், எதற்கு மட்டும் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு என்று பார்த்துப் பார்த்து, வண்ணக் கட்டங்களாக வரைந்து, சைட் ஷெட்டின் தகரச் சுவரில் ஒட்டினாள். பக்கத்தில் இன்னொரு தாள். என்னென்ன தடங்கல் வரலாம், வந்தால் என்ன செய்வது என்று அதில் இருந்தது. மழை, கல் வந்து சேரத் தாமதம், லோடு இறக்கும் யூனியனோடு தகராறு, அதற்கடுத்து கொடை. லிங்கமும் அவரோடு வேலை செய்யும் ஐந்து பேரும் ஒரே ஊர். அந்த ஊர் அம்மனுக்கு வைகாசி இரண்டாம் செவ்வாய் கொடைத் திருவிழா. ஊர்த் தகராறில் ஆறு வருஷமாக நடக்கவில்லை, இந்த வருஷமும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. ஒருவேளை நடந்தால் மூன்று நாள் என்று எழுதினாள்.

"மூணு திவசம் மதியோ?" என்று ஜெயந்த் மலையாளத்தில் கேட்டார், மூன்று நாள் போதுமா என்று.

"மதி சார். எண்டெ ஆள்க்காரல்லே, எனிக்கறியாம்," என்றாள்.

போதும், தன் ஆட்கள்தானே, தனக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. அவள் அறிந்த கொடை அப்படி. ஊரைவிட்டு வந்து இங்கே ஆரியசாலையில் அரிசிக்கடை வைத்திருக்கும் அப்பா வருஷாவருஷம் குடும்பத்தைக் காரில் ஏற்றி நாஞ்சில் நாட்டுச் சொந்த ஊருக்குக் கூட்டிப்போவார். மத்தியானம் நடக்கும் உச்சக்கொடை பார்த்து, சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அந்தக் கணக்கில் மூன்று நாள் ரொம்பத் தாராளம். லிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழ்க்காரியான தான் போய் இதைக் கேட்பதா என்று விட்டுவிட்டாள். ஜெயந்த் மாதிரி ஒரு மலையாளி என்றால் கட்டாயம் கேட்டிருப்பான்.

தாளை ஒட்டிய அன்றைக்கு லிங்கம் அதன் முன்னால் நின்று நிதானமாக வாசித்தார்.

"எல்லாம் கெட்ட காரியமா எழுதியிருக்கியளே மேடம். இதுல எங்க கொடைய எதுக்குக் கொண்டு சேத்திய?"

"கெட்டதுன்னு இல்ல லிங்கண்ணே. நடந்தா வேலை நிக்கும்லா? அதுக்கொரு கருதல், ஒரு முன்னேற்பாடு, அத்தறதான்."

"நடக்காமப் போனாலும் நிக்கத்தான் செய்யுது," என்றார் அவர். "அது இந்தத் தாள்ல வராது."

என்ன நிற்கிறது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அம்மனுக்கு முதல் மாலையை எந்தத் தெரு எடுத்துக்கொடுப்பது என்பதில் ஊர் இரண்டாகிக் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். லிங்கத்தின் தங்கை மாடம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்தது உள்ளூரிலேயே, எதிர்த்தரப்புத் தெருவில். நடந்தால் ஐந்து நிமிஷம். ஆறு வருஷமாக யாரும் நடக்கவில்லை. அவள் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் போகவில்லை. அதற்கென்று வாங்கிய பட்டுப்பாவாடை இன்னும் லிங்கம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனி அது பத்தாது. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

இன்றைய கூட்டத்துக்கு நேரில் வரச்சொல்லி ஊரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். லிங்கம் லீவே கேட்கவில்லை. "மூணாவது ரூம முடிச்சுத் தாரேன்னு வாக்குச் சொல்லிட்டேன், போன்ல பேசிக்கிடுதேன்," என்றார். அவளும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. தேங்க்ஸ் என்றாள்.

இப்போது போனில் சத்தம் உச்சத்துக்குப் போயிற்று. யாரோ துண்டை உதறி எழுந்து போவது போலவும் நாலு பேர் பிடித்து உட்காரவைப்பது போலவும் கேட்டது. கிருஷ்ணவேணி தன்னையறியாமல் கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தாள். போகட்டும், எழுந்து போகட்டும், பேச்சு முறியட்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படிச் சொல்வது தன் மனசுதான் என்று உறைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஊர் சேரக்கூடாது என்று இங்கே நின்று வேண்டிக்கொள்கிறாளே. வெட்கப்பட்டாள்தான், ஆனாலும் வேண்டுவது நிற்கவில்லை.

அப்போது ஒரு கட்டைக்குரல் எழுந்தது. மற்றவர்கள் வீரபாண்டி என்று அழைத்தார்கள், மாடம்மாளின் புருஷன் என்பது பேச்சிலேயே புரிந்தது.

"நான் ஒண்ணு சொல்லுதேன். மால எங்க தெருவும் வேண்டாம், ஒங்க தெருவும் வேண்டாம். எம் மச்சான் லிங்கம் எடுத்துக் குடுக்கட்டும். அவன் ஒங்க ஆளு, எங்களுக்குச் சம்பந்தக்காரன். இதுக்கு மேல எவனும் வாயத் தொறக்கப்பிடாது."

பிறகு ஒரு கிழவர், "செரியாத்தான் சொல்லுதான்," என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். அவ்வளவுதான், ஆறு வருஷச் சண்டை ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துபோயிற்று.

"லிங்கம், நாளக்கழிச்சு செவ்வா கால்நாட்டு. நாளைக்கே எல்லாரும் வந்துருங்கடே."

சுத்தியல் நின்றிருந்தது. லிங்கம் போனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"கொடை அடுத்த செவ்வாய்தானே லிங்கண்ணே?" என்றாள் அவள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "இப்பமே எதுக்கு?"

"பந்தக்கால் நாட்டிட்டா கொட முடியுற வரைக்கும் ஊர்க்காரன் ஒருத்தனும் வெளிய ராத்தங்கப்பிடாது மேடம். ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாது. பதினைந்து வருஷமாகக் கொடைக்குப் போய்வந்தவளுக்கு இது தெரியாது. அங்கே காரிலிருந்து இறங்கும்போதே கால் நட்டு, தோரணம் கட்டி, பந்தல் போட்டு எல்லாம் தயாராக இருக்கும். செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு நாள், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள், அவள் எழுதிய மூன்று நாள் பத்து நாளாகிவிட்டது. நாலாவது வகுப்பறையில் ஒரு கல்கூடப் போடவில்லை. பள்ளி திறப்பு நெருங்குகிற மாதத்தில் வேறு டைல்ஸ் ஆட்களைத் தேடுவது நடக்காத காரியம். சுவரில் ஒட்டியிருந்த வண்ணக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவுவதை அவளால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

லிங்கம் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். "பெரியப்பா, பயலுவ வருவானுவ. நான் வரதுதான்... இங்க புள்ளைய படிக்கிற எடம். வாக்குக் குடுத்திருக்கேன். மாலைக்கு வேற ஆளப் பாக்க முடியுமான்னு..."

அந்தப் பக்கம் மறுபடி முணுமுணுப்பு கிளம்பியது. வேற ஆளா, அப்படின்னா எங்க தெரு என்று ஒருவன் தொடங்கினான். அதற்கு நடுவே ஒரு பெண்குரல், போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து கேட்டது.

"அண்ணே. வருவேல்லா?"

அந்த ஒற்றைக் கேள்விக்கு லிங்கத்தின் தலை குனிந்துவிட்டது. ஈரக் கலவையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணவேணி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அவர் இருப்பார், ஐந்து பேர் போனாலும் ஒற்றை ஆளாக நாலாவது அறையைப் போட்டுவிடுவார், ஒன்றாம் தேதி பிள்ளைகள் நுழைவார்கள், ஜெயந்த் கை கொடுப்பார். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். லிங்கம்கூடச் சொல்லமாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸின் முகமும் ஞாபகம் வந்தது. இந்த இரண்டில் எது சரி என்று அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

"வருவாரு," என்றாள் சத்தமாக, போனைப் பார்த்து.

"யாரது பேசுதது?" என்றார் கிழவர்.

"எங்க எஞ்சினியரம்மா," என்றார் லிங்கம்.

"அப்பம் அந்தம்மாவையும் கொடைக்கிக் கூட்டிட்டு வாண்ணே," என்றாள் மாடம்மாள். சொல்லிவிட்டு அழுதாள், அல்லது சிரித்தாள். போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

கிருஷ்ணவேணி வராந்தாவுக்கு வந்தாள். நாலாவது அறையின் வெளியே சுசீலாபாய் நின்றிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்திருப்பார் போலிருக்கிறது. ஆட்டோவிலிருந்து குட்டி நாற்காலிகளை இறக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"ஒண்ணாம் க்ளாஸிண்டெ ஆணு மோளே," என்றார் சந்தோஷமாக, நாற்காலிகளைக் காட்டி. "ஈ ரூம் நாளெ துடங்ஙுமல்லே?" நாளைக்கே இந்த அறையில் வேலை தொடங்கிவிடும் என்று நம்பியிருந்தார்.

கிருஷ்ணவேணி ஒரு நாற்காலியை உருவி எடுத்து அதில் உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. "டீச்சர், ஒரு காரியம் பறயணும்," என்றாள். சுசீலாபாய் கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரே இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.