நாலு மணி புக்கிங்

வெள்ளவத்தையில் என் கொமினிகேஷன் கடைக்கு இருந்தது ஒரே ஒரு தொலைபேசி லைன். வெளிநாட்டுப் பிள்ளைகள் அழைக்கும் நேரத்தைப் பெற்றோர் என் கொப்பியில் பதிந்து வைப்பார்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் யாரையும் ரிசீவரைத் தொட விடமாட்டேன். முந்தின கிழமை, தெருவால் வந்த ஒருவருக்கு இரங்கி லைனைக் கொடுத்ததில் ஒரு தாய்க்குக் கனடா அழைப்புத் தவறிப்போனது. வாசலில் நின்று என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். அதோடு இரக்கப்படுவதை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணி சிவபாதசுந்தரம் மாஸ்டருடையது. நோர்வேயிலிருந்து மகள் கோல் எடுப்பாள். நாலுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ஆறாயி ஓடிவந்தாள். பக்கத்து ஒழுங்கையில் வீடு வீடாக உடுப்புத் துவைப்பவள். சுற்றிவளைப்பில் அவள் மகன் அழகுமுத்துவைப் பொலிஸ் பிடித்துவிட்டதாம். அவன் வேலை செய்யும் இரத்மலானைத் தொழிற்சாலை முதலாளி பலீல் தன் வேலையாள்தான் என்று பேசினால் விடுவார்களாம். நாலு மணிக்கு வேறிடத்துக்கு ஏற்றிவிடுவார்களாம். சுற்றிவளைப்பு நாளென்று மற்றக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

“ஒரு நிமிசந்தாம்மா. மொதலாளிகிட்ட சொல்லிட்டு வச்சிடுறேன்.”

“பொறு, ஆறாயி. புக்கிங் இருக்கு. நாலு பத்துக்கு எடு.”

அவள் மன்றாடவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. நம்பர் எழுதிய துண்டைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டையே பார்த்திருந்தாள். நாலு அடித்தது. மாஸ்டரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. சோதனைச் சாவடியில் மறித்திருப்பார்கள், வந்துவிடுவார் என்று ரிசீவரில் கை வைத்தபடி இருந்தேன்.

நாலு பத்துக்கு அவளிடம் கொடுத்தேன். பலீல் உடனே எடுத்தார், பொலிஸில் பேசுவதாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அவரே திருப்பி எடுத்தார். வான் நாலு மணிக்கே போய்விட்டதாம். எங்கே என்று சொல்ல மாட்டார்களாம்.

அவள் இன்னும் கதிரையில் இருக்கையில் மாஸ்டர் பேக்கரிப் பாணும் கையுமாக ஆற அமர உள்ளே வந்தார்.

“மகள் இந்தக் கிழமை எடுக்கமாட்டாள், பிள்ளை. அவளுக்கு வேலையாம். உன்னட்டச் சொல்ல மறந்துபோனன்.”

அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ரிசீவரில் இருந்தது என் கை. வெட்கத்தில் ஆறாயியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கொப்பியை விரித்தேன்.

“இனி உங்களுக்கும் ஒரு நேரம் எழுதி வைக்கிறன். எப்ப வேணுமெண்டு சொல்லுங்கோ.”

அவள் எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“எங்களுக்கு எப்ப வேணும்னு முன்கூட்டியே தெரியாதேம்மா” என்று சொல்லிவிட்டுப் பொலிஸ் பக்கம் நடந்தாள்.